பத்துக் கிலோ பெட்டியும் ஒரு எர்த் பின்னும்

வைகாசி முகூர்த்தம். மதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், வரவேற்புக் கச்சேரி மாடியில். லிஃப்ட் இருந்தது, அதில் சாம்பார் வாளிகள் போய்க்கொண்டிருந்தன. கீபோர்டுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். கிடார் வாசிக்கிற தம்பி மட்டும் இரண்டு 12 இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பழைய வால்வு ஆம்ப்பைப் படிக்கு ஒரு மூச்சாகத் தூக்கி வந்தார். முப்பது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. முதல் பாட்டில் அவர் விரல் நடுங்கியதைப் பார்த்தவர்கள் மேடை பயம் என்று நினைத்திருப்பார்கள்.

பெரிய பெட்டிக்கும் ஒரு காலம் இருந்தது. 1960களின் நடுவில் லண்டனில் ஒரு ராக் கிடார் கலைஞர் எட்டு ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் செய்யச் சொல்லி வாங்கினார். தூக்கிச் சுமந்தவர்கள் முறையிட்டார்கள். அதையே நாலு நாலாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடையில் சுவர் மாதிரி நிற்கிறதே, அது அந்த முறையீட்டில் பிறந்ததுதான். அன்றைக்குக் கடைசி வரிசைக்குக் கேட்க ஆம்ப்பை விட்டால் வேறு வழியில்லை. இன்றைக்கு அந்த வேலையை மைக் செட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். நம் பெட்டி நமக்கும் பக்கத்தில் இருக்கிற டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும்.

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது, 'எத்தனை வாட்ஸ்?' பைக்குக்கு மைலேஜ் கேட்பது மாதிரிதான். கேட்காமலும் இருக்க முடியாது, கிடைக்கிற பதிலும் பாதிதான் உண்மை. 50 வாட்ஸை 100 ஆக்கினால் ஏறுவது 3 டெசிபல். 97 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினாலும் ஏறுவது அதே 3 டெசிபல். பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள் என்பேன். அதிலும் நியோடிமியம் காந்தம் வைத்தது. 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று சுமார் இரண்டு கிலோதான். பழைய ஃபெரைட் காந்தம் என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. பெட்டி பிளைவுட்டாக இருக்கட்டும். எம்டிஎஃப் கனம், ஒரு மழையில் நனைந்தாலே உப்பிவிடும். ஒரு ஸ்பீக்கர் பெட்டி, மேலே தனியாக, கையடக்கமான கிளாஸ்-டி ஆம்ப் ஹெட். இரண்டும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கிலோவில் முடியும். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஓம் கணக்கில் மட்டும் அசட்டை கூடாது. 8 ஓம் பெட்டியோடு இன்னொரு 8 ஓம் பெட்டியை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். ஹெட்டின் முதுகில் 'குறைந்தது 4' என்று போட்டிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹெட்டிலிருந்து பெட்டிக்கு கிடார் ஒயரைக் குத்துகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது மெல்லிசு, சூடாகும். இன்னொன்று: பெட்டியைத் தரையில் வைத்தால் சத்தமெல்லாம் முழங்காலுக்குத்தான் போகும். மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வையுங்கள், காதுக்கு வரும்.

வால்வு ஒலியின் அந்தக் கதகதப்பு இதில் வராது என்பார்கள் அதன் ரசிகர்கள். வராதுதான். பெட்டியே எதற்கு, நேரே மிக்ஸருக்குக் கொடு என்பவர்களும் உண்டு. மானிட்டர் கொடுக்கிறவர் நல்ல மனசுக்காரராக அமைந்தால் அதுவும் சரி.

ஆவணியில் அதே தம்பி புதுப் பெட்டியோடு வந்தார். ஒரே நடையில் மேலே ஏறி, எனக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். சவுண்ட் செக்கில் கோரஸ் பாட மைக்கில் வாயை வைத்தவர் சட்டென்று பின்வாங்கினார். "அண்ணே, உதட்டுல எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு."

எனக்கு அப்போதிலிருந்து கனம் மறந்துபோய்விட்டது. கிடாரின் கம்பி, ஒயர் வழியாக ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்தது. மைக், மிக்ஸர் வழியாக வேறொரு லைனின் எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப் பக்கம் எர்த் அறுந்திருந்தால் நடுவில் நிற்கிற மனிதன்தான் ஒயர். நான் புகழ்ந்த அந்த லேசான ஹெட்டுக்குள் இருப்பது ஸ்விட்சிங் பவர் சப்ளை. அதன் வடிகட்டிக் கெபாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது, நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியைச் சட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் எறும்புக் கடியோடு போயிற்று. உள்ளே இன்சுலேஷன் கெட்டிருந்தால் எறும்போடு நிற்காது. 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்காட்லாந்து கிடார் கலைஞர் ஒருவர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண்ணெதிரே இறந்துபோனார்.

ஹெட் வாங்குகிற அன்றே, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைச் சொந்தமாகச் செய்துகொள்ளுங்கள். பையில் ஒரு டெஸ்டர். ஆம்ப்பின் உலோகத்தில் வைத்து லேசாக எரிந்தாலும் கிடாரைத் தொடாதீர்கள். மைக்குக்கு ஸ்பாஞ்ச் போடுவதும் கிடாருக்கு வயர்லெஸ் மாட்டுவதும் கொஞ்சம் காப்பாற்றும். இரைச்சலுக்கு மருந்து டிஐ பாக்ஸில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குவது மருந்தில்லை.

அன்று செட்டுக்காரரின் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தோம். பச்சை ஒயரை வெட்டி, நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. "ஹம் அடிச்சுது சார், எர்த்த எடுத்தோம், நின்னுடுச்சு" என்றார் செட்டுக்காரரின் பையன், பாராட்டை எதிர்பார்த்து. வேறு பாக்ஸ் கேட்டோம். முதல் பந்தி முடியறதுக்குள்ள கொண்டுவந்துடறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோதும் தம்பி கிடாரை உறையில் வைத்தபடியேதான் உட்கார்ந்திருந்தார்.