ஒரு நாளைக்கு 220 புகார் மாயம்! போலீசையே மாட்ட வைத்த ஆபீஸ்

போனில் ஒருவர் போலீசுக்குப் புகார் சொல்கிறார். "சரிங்க, பார்க்கிறோம்" என்று பதில் வருகிறது. அதோடு சரி. எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கணக்குப்படி அங்கே குற்றமே நடக்கவில்லை!

எந்த ஊர் கதை என்கிறீர்களா? இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் வட்டாரம்தான்.

2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரை, ஒரே வருஷம். அந்த வட்டார போலீசிடம் ஜனங்கள் சொன்ன குற்றங்களில் சுமார் 80 ஆயிரம் பதிவாகவே இல்லை என்று ஓர் அறிக்கை போட்டு உடைத்தது. நாள் ஒன்றுக்கு 220. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காற்றோடு போச்சு! வீட்டுக்குள் அடி வாங்கிய பெண்களின் புகாரும் அதில் அடக்கம்.

அறிக்கை வந்தது 2020 டிசம்பர் 10-ந் தேதி. அதே மாதம் அங்கே "சீப் கான்ஸ்டபி"ளாக இருந்த இயான் ஹாப்கின்ஸ் பதவியை விட்டு விலகினார். (பெயரைப் பார்த்து சாதாரண கான்ஸ்டபிள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் கமிஷனர் மாதிரி!)

சிட்டையும் பேரேடும்

இந்த வேலையைச் செய்தவர்கள் போலீசும் அல்ல, கோர்ட்டும் அல்ல. போலீஸ்-தீயணைப்பு ஆய்வு இலாகா என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ள 43 போலீஸ் படைகளையும், இங்கிலாந்தின் தீயணைப்புப் படைகளையும் முறைவைத்து சோதனை போடுவதுதான் அதற்கு வேலை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெரிய துப்பறியும் வேலை ஒன்றும் இல்லை. கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வேலைதான். சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பது! ஜனங்கள் போனில் பேசியதை எடுத்துக் கேட்டார்கள். என்ன நடந்தது என்று குறித்துக் கொண்டார்கள். அது குற்றப் பதிவேட்டில் ஏறி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏறி இருந்தால் சரி. இல்லாவிட்டால் ஒரு கோடு.

2014-ல் 43 படைகளிலும் இப்படி ஒரு கணக்கு எடுத்தார்கள். 100 குற்றத்தில் 19 பதிவாகவில்லை. வருஷத்துக்கு 8 லட்சத்துக்கும் மேல்! பாலியல் குற்றங்களிலோ நாலில் ஒன்று காணோம். அதைச் சொல்ல அந்தப் பெண்கள் எவ்வளவு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனை எடுத்திருப்பார்கள்!

வந்தார் வக்கீல்

இந்த இலாகா நேற்று முளைத்தது அல்ல. 1856-ம் வருஷத்து சட்டத்தில் பிறந்தது. அப்போது ஒழுங்காக வேலை செய்யும் படை என்று இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட் கொடுத்தால்தான், சம்பளத்திலும் உடுப்புச் செலவிலும் கால் பங்கை சர்க்கார் தரும். பணம் என்றதும் ஊர்ப் படைகள் வழிக்கு வந்தன.

ஆனால் ஒரு கோளாறு. தலைமை இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் போலீசில் இருந்தே வந்தவர்கள். பழைய சகாக்களுக்கு மார்க் போடும் வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2012-ல் அதை உடைத்தார்கள். டாம் வின்சர் என்ற வக்கீல் வந்தார். அதற்கு முன் ரெயில்வே துறையைக் கட்டுப்படுத்தும் அதிகாரியாக இருந்தவர். போலீசாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காரணம், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆரம்பச் சம்பளத்தைக் குறை, வருஷா வருஷம் உடல் தகுதிப் பரீட்சை வை என்று அதே வருஷம் அறிக்கை கொடுத்தவர் அவர்தான். வேலைநிறுத்தம் செய்ய சட்டம் இடம் தராததால், லீவில் இருந்த போலீசார் 30 ஆயிரம் பேருக்கு மேல் அந்த மே மாதம் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அரசாங்கத்தின் செலவுக் குறைப்பும் அவர்களுக்கு எரிச்சல். அப்படியும் மனிதர் அசரவில்லை. 2022 மார்ச் வரை அந்த நாற்காலியில் இருந்தார். மான்செஸ்டர் குட்டு உடைந்தது அவர் காலத்தில்தான்.

தீயணைப்புக்கும் சோதனை

2017 ஜூன் 14-ந் தேதி லண்டன் கிரென்பெல் அடுக்குமாடி தீப்பிடித்து 72 பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே தீயணைப்புப் படைகளைச் சோதிக்கும் பொறுப்பும் இந்த இலாகாவிடம் வந்தது. (அதற்கான சட்டம் தீ விபத்துக்கு முன்பே, அந்த ஜனவரியில் நிறைவேறிவிட்டது.) போய்ப் பார்த்தால், கட்டிடங்களில் தீ பாதுகாப்பைச் சோதிக்கிற பிரிவுகளில் ஆளே போதவில்லை. தீயை அணைக்க வண்டி தயார், தீ வராமல் பார்க்க ஆள் கிடையாது!

உத்தரவு போட முடியாது

இத்தனை செய்தும், தலைமை இன்ஸ்பெக்டருக்கு ஒரு கான்ஸ்டபிளை மாற்றக்கூட அதிகாரம் இல்லை. உத்தரவு போட முடியாது. அறிக்கை எழுதலாம், அதை ஊரறிய வெளியிடலாம். 56 நாளுக்குள் பதில் சொல்லும் கடமை, போலீசை மேற்பார்க்க ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக்கு உண்டு. மிகவும் மோசமான படையைத் தனிக் கண்காணிப்பில் வைக்கலாம். அப்போது அந்தப் படையின் தலைவர் நேரில் வந்து, என்ன செய்யப் போகிறேன் என்று திட்டத்தைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இவரை நியமிக்க சிபாரிசு செய்கிறவர் உள்துறை மந்திரி. போலீசுக்கும் அவர்தான் மந்திரி!

2022 ஏப்ரலில் வந்தவர் ஆண்டி குக். மறுபடியும் பழைய போலீஸ் அதிகாரி, லிவர்பூல் வட்டாரத்தின் சீப் கான்ஸ்டபிளாக இருந்தவர். "வந்துட்டாரய்யா தன் ஆளு" என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். இரண்டே மாதம்! ஜூனில் லண்டன் மாநகர போலீசையே தனிக் கண்காணிப்பில் வைத்தது இலாகா. வருஷத்துக்கு சுமார் 69 ஆயிரம் குற்றம் அங்கே பதிவாகவில்லையாம்.

மான்செஸ்டர் படை 2022 அக்டோபரில் கண்காணிப்பில் இருந்து வெளியே வந்தது. லண்டன் போலீஸ் வெளியே வர 2025 ஜனவரி ஆயிற்று.