மருந்தில்லாக் காய்ச்சலின் மணிக்கணக்கு

டெங்கு வைரஸை நேரடியாகத் தாக்கி அழிக்கும் மருந்து எதுவும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும், கடுமையான டெங்கு உரிய கவனிப்பின்றி விடப்பட்டால் ஐவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும் என்ற நிலையை, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் அளவுக்கு மருத்துவம் இறக்கிக் காட்டியுள்ளது. இதைச் சாதித்தது விலையுயர்ந்த கண்டுபிடிப்பு எதுவும் அன்று. சாதாரண உப்புக்கரைசலும், அது எந்த மணியில் எவ்வளவு உடலுக்குள் போக வேண்டும் என்று விடாமல் கணக்குப் பார்க்கும் பழக்கமுமே.

மருந்து தேடும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. மலேரியாவுக்கான குளோரோகுயின், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு வகையான பிரெட்னிசோலோன், கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பலாபிரவிர், செல்கோசிவிர் என ஒவ்வொன்றாக நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் கைவிட்டது. நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும் வேளையில் இரத்தத்திலுள்ள வைரஸின் அளவு பெரும்பாலும் உச்சத்தைக் கடந்து தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும் என்பது இத்தோல்விகளுக்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம். வைரஸ் ஓயும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது என்பது இந்நோயின் விசித்திரம். காய்ச்சல் விட்டது, இனிக் கவலையில்லை என்று குடும்பத்தார் பெருமூச்சு விடும் அந்த நாளே, மருத்துவர் மிகவும் விழிப்போடிருக்க வேண்டிய நாளாகிறது.

காய்ச்சல் தணியும் அந்த 24 முதல் 48 மணி நேரம் வரையிலான காலத்தில், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தற்காலிகமாக இளகி, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் கசிகிறது. நீர் குறையவே இரத்தம் தடிப்பாகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடம்பிடித்துள்ளன என்பதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் என்னும் அளவு, 40 ஆக இருந்தது 48 ஆக உயருமானால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுமானால், கசிவு கணிசமாக நடக்கிறது என்று பொருள். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கி, 100/80 என்று இடைவெளி 20க்குச் சுருங்கும்போது நோயாளி அதிர்ச்சி நிலைக்குள் நுழைந்துவிட்டார். அப்போதும் அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதும், கைகால்கள் சில்லிட்டிருப்பது மட்டுமே வெளியே தெரியும் அடையாளமாக இருக்கலாம் என்பதும்தான் இந்நோயைக் கொடியதாக்குகின்றன.

கசிந்த நீரை ஈடுசெய்தால் உயிர் தங்கும் என்பது எளிய கணக்குப் போலத் தோன்றும். வியட்நாமில் டெங்கு அதிர்ச்சி நிலையில் சேர்க்கப்பட்ட 512 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு குழந்தையே இறந்தது. மிதமான அதிர்ச்சிக்கு விலை கூடிய கரைசல்களைவிட ரிங்கர் லாக்டேட் என்னும் சாதாரணக் கரைசல் சளைத்ததன்று என்பதும் அதில் தெரியவந்தது. ஆனால் கசிவு நின்றதும், வெளியேறிய நீரெல்லாம் இரத்தக் குழாய்களுக்குள் திரும்பி வருகிறது. அதற்கு முன் தாராளமாக ஏற்றப்பட்டிருந்தால் நுரையீரல் நீரில் மூழ்கும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு என்னும் இந்த இக்கட்டுக்குப் பாங்காக்கின் குழந்தை மருத்துவர்கள் பல்லாண்டுகள் படுக்கையருகே இருந்து விடை கண்டார்கள். அதைக் கற்றுவந்த இலங்கை மருத்துவர்கள் தங்கள் நாட்டு வழிகாட்டுதலாக்கினார்கள். அதன்படி 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, ஆபத்தான 48 மணி நேரத்துக்கும் சேர்த்து, வாய்வழியாகக் குடிப்பதும் இரத்த நாளத்தில் ஏற்றுவதுமாக மொத்தம் 4,600 மில்லிலிட்டரே பங்கீடு. அது சரியாகப் போகிறதா என்பதைச் சிறுநீரே சொல்லும். மணிக்கு 25 மில்லிலிட்டர், அதாவது இருமல் மருந்தின் பத்து மில்லி மூடியில் இரண்டரை மூடி, வந்தால் போதும். 50ஐத் தாண்டினால் நீர் கூடிவிட்டது, சொட்டுகளைக் குறைக்க வேண்டும். இலங்கையில் 2009இல் ஏறத்தாழ 35,000 நோயாளிகளில் 340க்கு மேற்பட்டோர் இறந்தனர்; நோயாளிகளின் எண்ணிக்கை 1,86,000ஐத் தொட்ட 2017இல் இறந்தோர் ஏறத்தாழ 440 பேர். நூற்றுக்கு ஒன்று என்றிருந்த இறப்பு நானூற்றுக்கு ஒன்றாகியது. இலேசான நோயாளிகளும் பதிவில் சேர்ந்ததால் விகிதம் தாழ்ந்து தோன்றுகிறது என்போரும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு, டெங்கு என்றதும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் முதற்கேள்வி, பிளேட்லெட் எவ்வளவு என்பதாகவே இருக்கிறது. இரத்தம் உறைய உதவும் இந்தத் தட்டணுக்கள், ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை, டெங்குவில் சரிவதும் குணமாகும்போது தாமாகவே ஏறுவதும் இயல்பு. அந்த எண், நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் மைல்கல்லே அன்றி வண்டியின் அச்சாணி அன்று. காலையில் 60,000, மாலையில் 38,000 என்று கைப்பேசிகளில் எண்கள் பறக்க, கொடையாளர் தேடி உறவினர் ஓடும் அதே நேரத்தில், படுக்கைக்குக் கீழேயுள்ள சிறுநீர்க் குடுவையை அளந்து எழுத ஆளில்லாத விடுதிகளே இந்நோயில் மெய்யாக அஞ்ச வேண்டியவை. இரத்தப்போக்கு இல்லாத நோயாளிக்குத் தடுப்பாகத் தட்டணு ஏற்றுவதால் பயனுண்டா என்று, 20,000க்கும் கீழே இறங்கிய பெரியவர்களிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, இரத்தப்போக்கு அதனால் குறையவில்லை என்றும் பக்கவிளைவுகளே கூடின என்றும் கண்டது. மேலும் ஏற்றப்படும் ஒவ்வொரு பையும், சொட்டுக் கணக்காகப் பங்கிடப்பட்ட 4,600க்குள் கேட்காமல் நுழையும் நீர்.

பப்பாளி இலைச்சாற்றைப் பற்றிய வாதமும் இங்கேதான் தடுமாறுகிறது. அது தட்டணுக்களை உயர்த்துகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், உயர்ந்தது எண்ணே ஒழிய அடைபட்டது கசிவன்று. வைரஸின் புரதங்களைக் குறிவைக்கும் புதிய மூலக்கூறுகள் ஆய்வகங்களில் நம்பிக்கை தருகின்றன என்பதும் உண்மையே. காய்ச்சலின் முதல் நாளிலேயே நோயைக் கண்டறிய முடிந்தால் அவற்றுக்கும் ஒருநாள் இடம் இருக்கும்.

அதுவரை, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், வலிக்கு ஐபுபுரோபென், டைக்ளோபினாக் போன்றவற்றைத் தவிர்த்தல், கசிவுக்கு அளந்த நீர் என்பதே சிகிச்சை. நடு இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் 4 மணிக்கும் நாடி, அழுத்தம், சிறுநீர் ஆகிய மூன்றையும் கட்டம் போட்ட தாளில் எழுதும் செவிலியரே இதில் மருந்தின் இடத்தில் நிற்பவர். ஒருவருக்கு நாற்பது படுக்கை என்றாகும் மழைக்கால விடுதிகளில் முதலில் வெறுமையாவது அந்தத் தாளின் விடியற்காலைக் கட்டங்கள்தாம். குணமாகி வீடு திரும்புவோரின் பையில் பிளேட்லெட் அறிக்கைகள் நாள்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும்; அந்தத் தாள் பெரும்பாலும் விடுதியிலேயே தங்கிவிடுகிறது.