வாய்க்குழல் சிறிது, வம்பு பெரிது!

மழைக்காலம் பிறந்துவிட்டால் சளிக்கும் மூக்கடைப்புக்கும் ஆவி பிடிக்கும் மெஷின் கேட்டு வாடிக்கையாளர்கள் கடை ஏறுவது வழக்கம். 2020, 2021 கொரோனா நாட்களில் இதைக் கேட்டு வாங்கியோர் மேலும் பெருகினர். 'வேப்பரைசர்' என்ற பெயரில் வரும் இந்தச் சரக்கை விற்கும் நாம், அதன் வாய் அகலத்தைக் கவனிப்பதில்லை. அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு சரக்கும் வருகிறது. அது நம்மைக் கோர்ட்டுப் படி ஏற்றிவிடும். இரண்டையும் பிரித்தறிவது வணிகர் கடமை.

அகலம் செய்யும் வேலை

சன்னமான ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் கன்னம் ஒட்டிப்போகிறது. தடித்த ஸ்ட்ராவில் தாராளமாக வருகிறது. காற்றுக்கும் இதே நியாயம்தான். 10 மி.மீ. விட்டமுள்ள குழாயை 5 மி.மீ. ஆக்கினால் துவாரத்தின் பரப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. அதே அளவு காற்று அதன் வழியே போக வேண்டுமானால் வேகம் 4 மடங்காக வேண்டும். நீண்ட மெல்லிய குழாயில் சீராக ஓடும் காற்றுக்குத் தடை 16 மடங்காகிறது.

அதற்காக அகலம் கூடக்கூட நன்மை என்றும் சொல்லிவிட முடியாது. கடலில் முகம் கவிழ்த்து நீந்துவோர் வாயில் கவ்வும் மூச்சுக்குழாயைப் பாருங்கள். மிகக் குறுகினால் மூச்சு முட்டும். மிக அகன்றால் விட்ட மூச்சே குழாயில் தங்கி மறுபடி உள்ளே வரும்.

ஆவி மெஷினில் நாம் உறிஞ்சுவதில்லை. கொதிக்கும் நீரே ஆவியைத் தள்ளுகிறது. ஆகவே வாய் குறுகினால் சூடான ஆவி வேகமாக ஓரிடத்தில் பாயும். முகமூடி போல் அகன்ற வாயில் ஆவி பரவி, வெளிக்காற்றோடு கலந்து, சூடு தணிந்து முகத்தில் படும். விற்கும்போது நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: குறியிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, துவாரம் அடைபட்டிருக்கக் கூடாது, முகத்தைச் சற்றுத் தள்ளியே வைக்க வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கொதிநீர் கொட்டினால் பிறகு பழி கடைக்காரர் மேல்தான்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

இன்னொரு 'வேப்பரைசர்' பேனா போலவும் சிறு டப்பா போலவும் வருகிறது. பாட்டரியில் திரவத்தைச் சூடாக்கி, மவுத் பீஸ் வழியாக உறிஞ்ச வைக்கும் மின் சிகரெட் அது. வாய் குறுகியதில் இழுப்பு சிகரெட்டைப் போல இறுக்கமாக இருக்கும். வாய் அகன்றதில் புகைமூட்டம் தாராளமாக நேரே நுரையீரலுக்குப் போகும். "வாய் அகலம், இழுக்கச் சுகம்" என்று சரக்கு கொண்டுவருபவர் பெருமை பேசுவது இதைத்தான். எளிதாக இழுக்க முடிந்தால் உள்ளே போவதும் அதிகம் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் இவற்றை முழுமையாகத் தடை செய்யப் பரிந்துரைத்தது.

தமிழ்நாடு அரசு 2018-லேயே தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், டிசம்பரில் நிரந்தரச் சட்டமும் கொண்டுவந்தது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். "நிக்கோடின் இல்லை, வெறும் வாசனைதான்" என்ற சமாதானம் செல்லாது. முழுக் கருவியோ உதிரி பாகமோ, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே "வெறும் வாய்க்குழல்தானே அண்ணாச்சி, ஓரமாக வையுங்கள்" என்ற பேச்சுக்கு மயங்கக் கூடாது.

முதல் முறை பிடிபட்டால் 1 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு.

கிட்டங்கி உரிமையாளர் கவனத்திற்கு

துறைமுக நகரில் இருக்கும் நமக்கு இன்னொரு பிரிவு முக்கியம். தெரிந்தே இச்சரக்கை இருப்பு வைக்க இடம் கொடுத்தாலும் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி சோதனையிட முடியும். ஆகவே வாடகைக்கு வருபவர் என்ன சரக்கு வைக்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பில் இல்லாத பெட்டியை இறக்க விடாதீர்கள். பில்லில் வெறுமனே 'வேப்பரைசர்' என்றிருந்தால் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்: தண்ணீர் ஊற்றும் மெஷினா, பாட்டரிக் குழலா?

1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பங்கு வாங்கித் தோள் கொடுத்த வணிகர் மரபு நம்முடையது. அவர் பெயர் தாங்கிய துறைமுகத்து ஊரில், சில நூறு ரூபாய் லாபத்துக்காகக் கடையின் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சளிக்கு ஆவி விற்போம். சந்ததிக்குப் புகை விற்க மாட்டோம்!