இருளில் தெரியும் குதிரைத் தலை

திருவாதிரை எம்மவர்க்குப் பழக்கமான நட்சத்திரம். அது நிற்கும் ஓரியன் உடுத்தொகுதியைக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குளிர்கால இரவுகளில் நாம் இலகுவாகக் காணலாம். அதன் நடுவே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் உள்ளன. அவற்றுள் கிழக்கே இருப்பது அல்நிதாக். அதற்குச் சற்றுத் தெற்கே ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுகள் தொலைவில் இருப்பதுதான் 'குதிரைத் தலை' நெபுலா.

அங்கே ஐதரசன் வாயு மங்கலான சிவப்பில் ஒளிர்கின்றது. அதன் முன்னே அடர்ந்த தூசுமுகிலொன்று நின்று அந்த ஒளியின் ஒரு பகுதியை மறைக்கின்றது. மறைந்த பகுதியே குதிரைத் தலையாகத் தோன்றுகின்றது. வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. தொலைநோக்கியினூடாகப் பார்த்தாலும் பிடிபடுவது கடினம். எமது கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. கமரா சேர்த்து வைக்கும்.

இதனை 1888இல் ஹாவார்ட் அவதானநிலையத்தின் ஒளிப்படத் தட்டொன்றில் கண்டறிந்தவர் வில்லியமினா பிளெமிங். ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் 1857இல் பிறந்து, அங்கே ஆசிரியப் பணி செய்தவர். 1878இல் கணவனுடன் அமெரிக்கா வந்தார். வயிற்றில் பிள்ளையுடன் இருந்தவேளை கணவன் கைவிட்டான். பிழைப்புக்காக, அவதானநிலையப் பணிப்பாளர் எட்வர்ட் பிக்கரிங்கின் வீட்டில் வேலைக்காரியானார். அவருடைய திறமையைக் கண்ட பிக்கரிங் 1881இல் அவரை அவதானநிலையப் பணியில் சேர்த்துக்கொண்டார்.

ஆனாலும் 1895இல் வெளியான நெபுலாப் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. ஹாவார்ட் கண்டுபிடிப்புகள் யாவும் பிக்கரிங் பெயரிலேயே பதியப்பட்டிருந்தன. 1908இல் வந்த அடுத்த பட்டியலில்தான் அவருடைய பிந்திய கண்டுபிடிப்புகளுக்கு உரிய இடம் கிடைத்தது. படித்துப் பட்டம் பெற்றும் இங்கே துப்புரவு வேலைக்கும் சமையலறை வேலைக்கும் போகின்ற எமது சகோதரிகளுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அன்று கண்ணாடித் தட்டில் பிடித்ததை இன்று வீட்டு முற்றத்தில் இருந்தே பிடிக்கின்றார்கள். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்வதுபோல் தெரியும். ஆகவே அந்த நகர்வுக்கேற்பக் கமராவைத் திருப்பும் மோட்டார்த் தாங்கி அவசியம். ஐதரசனின் 656 நனோமீற்றர் சிவப்பொளியை மட்டும் விடும் வடிகட்டி நகர வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும். சில நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்க்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி விழும் புள்ளிகள் அப்போது மங்கிவிடும்; நெபுலாவின் ஒளி மட்டும் நிலைத்துத் தெளியும்.

இந்தக் கருவிகள் மலிவானவை அல்ல. ஆனால் பல நகரங்களில் வானியல் கழகங்கள் பொதுமக்களை அழைத்து வானத்தைக் காட்டுகின்றன. நூலகத்தில் விசாரித்தால் விபரம் கிடைக்கும். நிலவில்லாத இரவொன்றில், தடித்த உடுப்பு உடுத்தி, பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். மொழி சரளமாக வரவில்லையே என்று தயங்கத் தேவையில்லை. டண்டீயில் இருந்து வந்த அந்தப் பெண்ணின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.