எடை எடுக்கும் நாள்

ஆண்டுதோறும் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து எமிஸ் தளத்தில் பதிவேற்றுகிறோம். இந்த வேலை வழக்கமாக எப்படி நடக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். வகுப்பறை வாசலில் எடை இயந்திரம் இருக்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஓர் ஆசிரியர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் எழுதிக்கொள்வார். எழுதுகிறவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தால் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். பதினெட்டு கிலோ என்றாலும் சிரிப்பு வரும். அறுபத்திரண்டு என்றாலும் சிரிப்பு வரும். இரண்டாவது சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமாகும்.

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் நான் பணியாற்றிய நடுநிலைப்பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். பருமனான உடல், அழகான கையெழுத்து, கணக்கில் கெட்டி. எடை எடுத்த நாளில் அவள் வரவில்லை. விட்டுப்போனவர்களின் பட்டியலைத் தயாரிக்கும்போது பழைய வருகைப் பதிவேடுகளையும் புரட்ட நேர்ந்தது. ஆறாம் வகுப்பிலும் எடை எடுத்த நாளில் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் வந்திருக்கிறாள். அன்று எண்ணை உரக்கப் படித்தவன் நான்தான்.

அதன் பிறகு, எடை என்ற செய்தியை மற்றவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். எதிர்பாராத இடத்தில், விமானப் போக்குவரத்தில், நமக்குப் பயன்படும் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது.

2023ஆம் ஆண்டின் நடுவில் ஏர் நியூசிலாந்து நிறுவனம் ஆக்லாந்து விமான நிலையத்தில் 10,000 பயணிகளுக்கு மேல் எடை எடுக்கும் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் கைப்பையோடு மேடையில் ஏறி நின்றார்கள். எண்ணைக் காட்டும் திரை எங்கும் இல்லை. அருகில் நின்ற ஊழியருக்கும் எண் தெரியாது. அது பெயரில்லாமல் நேராகக் கணினிக்குப் போய்விட்டது. 2024இல் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனமும் ஹெல்சிங்கியில் இதுபோன்ற கணக்கெடுப்பை நடத்தியது.

விமானத்துக்கு எடை உயிர்ப் பிரச்சினை. மொத்த எடை எவ்வளவு, அது முன்பக்கம் மிகுதியா பின்பக்கம் மிகுதியா என்பதைப் பொறுத்தே எரிபொருளும் மேலெழும் வேகமும் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொரு பயணியையும் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதால் ஒரு சராசரி எடையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சராசரி பழையதாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் நடந்த விபத்து காட்டியது. ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் சிறிய விமானம் புறப்பட்ட உடனே விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். பராமரிப்பில் ஒரு கம்பி வடம் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. அத்தோடு, விமானத்தின் உண்மையான எடை தாளில் போட்ட கணக்கைவிட மிகுதியாகவும், பின்பக்கம் சாய்ந்தும் இருந்தது. பிறகு அமெரிக்க அரசு பயணிகளின் சராசரி எடையைத் திருத்தியது.

நமக்கு அருகில், ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் சேவை மீண்டும் தொடங்கியது. அங்கு வருவது எழுபது பேர் அளவில் உட்காரக்கூடிய ஏ.டி.ஆர். வகை விமானம். இவ்வகைச் சிறிய விமானங்களில் கூட்டம் குறைவாக இருந்தால், சமநிலைக்காகச் சிலரை இடம் மாறி உட்காரச் சொல்வதுண்டு. ஏன் என்று யாருடைய எடையையும் குறிப்பிட்டுச் சொல்வதில்லை. ஆக, உயிருக்கே தேவையான ஓர் அளவையும் ஒருவரை நாணச் செய்யாமல் எடுக்க முடிகிறது.

விமான நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்ல வரவில்லை. இருக்கை விஷயத்தில் கதை வேறு. சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் பெரும்பாலும் 17 முதல் 18 அங்குலம். அதற்குள் அடங்காத உடல் உள்ளவர் என்ன செய்வது? அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் இரண்டாவது இருக்கைக்கான பணத்தைப் பின்னர் திருப்பித் தந்துவந்தது. 2026 ஜனவரியில் அந்த விதி கடுமையாகிவிட்டது. சமோவா ஏர் என்ற சிறு நிறுவனம் 2013இல் கிலோ கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது மலிவுதானே என்பது அவர்கள் வாதம். கனடாவில் போக்குவரத்து ஆணையம் 2008 ஜனவரியில் வேறு முடிவை எடுத்தது. உடல் பருமனால் இயலாமை உள்ளவர், உள்நாட்டுப் பயணத்தில் இரண்டு இருக்கை தேவைப்பட்டாலும், ஒரு கட்டணம் செலுத்தினால் போதும். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கு முயன்றன. அதே ஆண்டு நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது.

பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு. முழுக் கட்டணம் கொடுத்தவர் முக்கால் இருக்கையில் ஒடுங்கி உட்கார நேர்ந்தால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் யார்மீது போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். போயிங் 777 விமானத்தில் முன்பு வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் போட்டார்கள். பிறகு பல நிறுவனங்கள் அதே அகலத்தில் பத்து போட்டன. விமானத்தின் உடல் ஓர் அங்குலமும் கூடவில்லை. இருக்கை ஒடுங்கியது. பயணிகள் பருத்தது உண்மை, இருக்கை குறுகியதும் உண்மை. ஆனாலும் மெலிந்தவர் முறைத்துப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரைத்தான்.

நம் வகுப்பில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒருவரை உட்கார வைக்கும்போதும் இதுவே நடக்கிறது. நெரிசல் எண்ணிக்கையால் வந்தது. “நீ ஓரத்துக்குப் போ” என்று சொல்வது பருமனான பிள்ளையிடம். நானும் சொல்லியிருக்கிறேன்.

பெரியவர்களின் உலகத்தில் இந்த மனப்பான்மை வேலைவரை நீள்கிறது. 2009இன் தொடக்கத்தில் ஏர் இந்தியா, எடை வரம்பைக் காட்டி விமானப் பணிப்பெண்கள் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. தமிழ்த் திரையில் பருமன் என்றாலே நகைச்சுவை. ஒரு நடிகரின் பெயரே ‘குண்டு’ கல்யாணம் என்றுதான் ஊருக்குத் தெரியும். பருமனாக இல்லாதவர்களும் தப்புவதில்லை. 2025 நவம்பரில் சென்னையில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் நடிகை கௌரி கிஷனின் எடை பற்றிய கேள்வி எழுந்தபோது, அது உடல் கேலி என்று அவர் அங்கேயே எதிர்த்துப் பேசினார். அந்தக் காணொலியை நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நமக்கு முன்பே பார்த்திருப்பார்கள்.

பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். 1961இல் அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் உடற்குறை எதுவும் இல்லாத பிள்ளை. மற்றவற்றில் ஊன்றுகோலுடன் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர், கை இல்லாத ஒருவர், முகத்தில் குறை உள்ள ஒருவர், பருமனான ஒருவர். யாரை அதிகம் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். பருமனான பிள்ளை கடைசி. 2003இல் லாட்னரும் ஸ்டங்கார்டும் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வெறுப்பு கூடியிருந்தது. நாற்பது ஆண்டுகளில் மற்ற எத்தனையோ விஷயங்களில் மனம் விரிந்திருக்க, இதில் மட்டும் சுருங்கியிருக்கிறது.

“தின்னு தின்னு இப்படி ஆகிட்டான்” என்ற எண்ணம்தான் அடியில் இருக்கிறது. ஊனம் விதி, பருமன் குற்றம் என்று நினைக்கிறோம். உடல் அவ்வளவு எளிதல்ல. மேலே சொன்ன ஸ்டங்கார்டே 1986இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தார். அவர்களின் உடல்வாகு, பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 1994இல் லெப்டின் என்ற இயக்குநீர் கண்டுபிடிக்கப்பட்ட பின், கொழுப்புத் திசுவே மூளைக்குப் பசி பற்றிச் செய்தி அனுப்புகிறது என்பது தெளிவானது.

நம் மாவட்டத்துக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று புனேயில் நடந்தது. மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையிலும் உறுப்புகளிலும் புனே குழந்தைகள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். தோலடிக் கொழுப்பில் மட்டும் அந்த அளவு குறையவில்லை. மெலிந்து பிறக்கும் பிள்ளையின் உடல், பிற்காலத்தில் எளிதாகக் கொழுப்பைச் சேர்க்கும் உடலாகவும் இருக்கலாம். தாய்மார்களின் ஊட்டக்குறைவும் எடை குறைந்த பிறப்பும் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. பெற்றோர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம்மிடம் பலர் இருக்கிறார்கள். களி கிண்ட முடியாத பாட்டி, கடையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பருமன் உடல்நலப் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் எடை மிகுந்த அல்லது பருமனான பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4 விழுக்காடு. ஆண்களில் இது 28.2இலிருந்து 37 ஆகியிருக்கிறது. சர்க்கரை நோய் நம் வீடுகளில் இருப்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேலி எடையைக் குறைப்பதில்லை. கேலிக்கு ஆளானவர் விளையாட்டு மைதானத்தைத் தவிர்க்கிறார், மறைந்து சாப்பிடுகிறார், மருத்துவரிடம் போகவும் தயங்குகிறார். 2020இல் நேச்சர் மெடிசின் இதழில் பன்னாட்டு நிபுணர்கள் வெளியிட்ட கூட்டறிக்கை இதைத்தான் சொல்கிறது.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்கான உடல் நிறை குறியீட்டெண் அட்டவணையைப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. எடையை (கிலோ), மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் வாய்பாடு ஒன்றுதான்; ஆனால் எல்லை வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அட்டவணைப்படி, குறியீட்டெண் 20 உள்ள 10 வயதுச் சிறுமி எடை மிகுந்தவள். அந்த வயதுக்கு எல்லை 19. அதே 20 உள்ள 15 வயதுப் பெண் சரியாக நடுவில் இருக்கிறாள். அவளுக்கு எல்லை 23.5. ஆகவே கண்ணால் பார்த்து “வெயிட் போட்டுட்டே” என்று நாம் சொல்வது பல நேரங்களில் தவறாகவே இருக்கும். பூப்பெய்தும் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கொழுப்புக் கூடுவது இயல்பான வளர்ச்சி. அந்த நேரத்தில் நாம் உதிர்க்கும் ஒரு சொல்லால் மதியச் சத்துணவைத் தவிர்க்கும் மாணவிகள் உண்டு. எல்லைக்கு மேலும் கீழும் உள்ளவர்களைப் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் தனியாகக் காட்டினால் போதும். தைராய்டு போன்ற காரணம் இருந்தால் அவர்கள் கண்டுபிடிப்பார்கள். பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டியதில்லை.

எங்கள் பள்ளியில் செய்த மாற்றம் சிறியது. எடை இயந்திரத்தைத் தலைமையாசிரியர் அறையின் மூலைக்குக் கொண்டுபோனோம். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. பார்ப்பவரும் எழுதுபவரும் ஒரே ஆசிரியர். எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை கேட்டால் அவரிடம் மட்டும் சொல்வது. எழுதிய தாள் மேசை அறைக்குள் போய்விடும். நாற்பது பேருக்கு முன்பு அரை மணி நேரம் ஆனது, இப்போது ஒன்றேகால் மணி நேரம். உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், “இதுக்குப் போய் இவ்வளவா சார்?” என்று சலித்துக்கொண்டார். சலிப்பு நியாயமானதுதான். ஆனால் பதினெட்டு கிலோ பையனும் அன்று நிம்மதியாக வந்து நின்றான்.

பட்டப்பெயர்களை நிறுத்துவது இதைவிடக் கடினமாக இருந்தது. ஏனென்றால் அவற்றில் சில ஆசிரியர் அறையில் பிறந்தவை. ஆண்டு விழா நாடகத்தில் எமனும் கும்பகர்ணனும் யார் என்று நடிகர் தேர்வுக்கு முன்பே முடிவாகியிருக்கும். கபடியில் பருமனான பையனைப் பிடிக்க மட்டும் விடுவோம், பாடிப்போக விடுவதில்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் சொன்னபோது அவர் ஒருநாள் ஒருவனைப் பாடிப்போகச் சொன்னார். மூன்று முறை பிடிபட்டான். நான்காம் முறை ஒருவரைத் தொட்டுவிட்டு வந்தான்.

அந்த மாணவி எட்டாம் வகுப்பில் எடை எடுக்கும் நாளன்று வந்தாள். இயந்திரத்தில் ஏறி நின்று, “எவ்வளவு சார்?” என்று கேட்டாள். சொன்னேன். “உயரம்?” என்றாள். ஏழாம் வகுப்பில் விட்டுப்போனவர்களுக்கு அளந்தபோது எழுதியதைவிட 4 செ.மீ. கூடியிருந்தது. வெளியே போய்த் தோழிகளிடம் அதை மட்டும் சொன்னாள்.