நாற்பது ஊசி டிஸ்க்

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தாமான் வீடுகளில் வாழும் பழைய தோட்டக் குடும்பங்கள் பலவற்றில், அலமாரிக்கு மேலோ ஸ்டோர் அறை மூலையிலோ மஞ்சளேறிய கணினிப் பெட்டி ஒன்று கிடக்கிறது. பத்துப் பதினைந்து வருடமாக அதற்கு யாரும் மின்சாரம் கொடுக்கவில்லை. தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அது கண்ணில் படும். பழைய பேப்பர் வாங்க வரும் லாரியின் ஒலிபெருக்கிச் சத்தமும் அதே நேரத்தில் காதில் விழுந்தால், பெட்டி போய்விடும். பெட்டி போகட்டும். அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டும் போகக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பேராக்கில் ரப்பரின் கதை நீளமானது. 1877 வாக்கில் நடப்பட்டதாகச் சொல்லப்படும் ரப்பர் மரம் ஒன்றைக் கோலகங்சாரில் இன்றும் காட்டுகிறார்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடலைத் தடுக்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் பால் மரம் வெட்டியவர்களின் முகங்கள் எங்கே இருக்கின்றன? கல்யாணத்துக்கு ஈப்போவிலிருந்து படக்காரர் வந்தால் உண்டு; அடையாளக் கார்டுக்கு எடுத்தால் உண்டு. லயத்து வாசலில் ஆத்தா உட்கார்ந்திருக்கும் சாதாரண நாள் ஒன்றை யாரும் ஃபிலிமில் செலவழிக்கவில்லை.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் வெட்டி வீடுகள் கட்டினார்கள். லயங்கள் இடிந்துகொண்டிருந்த அந்தக் கடைசி வருடங்களில்தான் கணினி வீட்டுக்குள் வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கலாம் என்று அரசாங்கம் வழிவிட்டிருந்தது. கொஞ்சம் பின்னால் இரண்டு, மூன்று மெகாபிக்சல் கேமரா வந்தது. ஃபிலிம் செலவு இல்லாததால் கண்டதையெல்லாம் எடுத்தார்கள். மாரியம்மன் கோயிலின் கடைசித் தீமிதி, ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், இடிப்பதற்கு முந்தைய பள்ளிக்கூடம், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்ற மனிதர்கள் எல்லாரும் படத்துக்குள் வந்தார்கள். கைப்பேசியும் முகநூலும் பரவுவதற்குமுன் இருந்த அந்தக் குறுகிய இடைவெளியில் எடுத்த படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. கேமராவிலிருந்து கணினிக்கு மாற்றினார்கள், கார்டை அழித்தார்கள், மறுபடி எடுத்தார்கள். எல்லாம் தங்கியது அந்த ஒரே டிஸ்கில்.

அது ஐடிஇ டிஸ்க். இன்று கடையில் வாங்கும் கணினியில் அதைச் சொருக இடமே கிடையாது.

அன்று எப்படி இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த அறிவு இப்போது மறுபடி தேவைப்படுகிறது. இரண்டாவது டிஸ்க் மாட்ட வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஈப்போவின் ஈக் ஃபூங் காம்ப்ளெக்சுக்குப் போவார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் தெரிவது பட்டையான சாம்பல் நிறக் கேபிள். அதன் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு ஒன்றாம் ஊசியின் பக்கம், அதாவது பெரும்பாலும் பவர் சொருகும் பக்கம் வர வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் தொங்கலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். எது எது என்பதை டிஸ்கின் பின்புறத்தில் இருக்கும் ஜம்பர் தீர்மானிக்கும். நெல்மணி அளவே உள்ள பிளாஸ்டிக் துண்டு அது. அதைக் கழற்றும்போது கீழே விழுந்தால் கடை முழுக்கத் தேட வேண்டும். இரண்டு டிஸ்கும் மாஸ்டராக இருந்துவிட்டால் கணினி பெரும்பாலும் இரண்டையுமே பார்க்காது.

கேபிளில் முதலில் 40 கம்பிகள் இருந்தன. வேகம் கூடியபோது ஒரு கம்பியின் சமிக்ஞை பக்கத்துக் கம்பியைக் குழப்பியது. அதனால் இடையிடையே தரைக் கம்பி வைத்து 80 ஆக்கினார்கள். ஊசிகள் மட்டும் அதே 40. நீளம் 46 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதன் உச்ச வேகம் வினாடிக்கு 133 மெகாபைட். அதற்குமேல் போக முடியாமைக்குக் காரணம் அந்த அமைப்பிலேயே இருந்தது. 16 பிட்டுகள் 16 கம்பிகளில் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். வேகம் ஏற ஏற அவற்றில் சில முந்தும், சில பிந்தும்.

2003இல் வெளியான சாட்டா முறை, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. ஊசிகள் 40லிருந்து 7 ஆகக் குறைந்தன, வேகமோ கூடியது. ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க் என்றானதால் மாஸ்டர், ஸ்லேவ் சண்டை ஒழிந்தது. கேபிள் ஒரு மீட்டர்வரை நீளலாம். பவர் சொருகும் இடமும் மாறி, நான்கு தடித்த ஊசிகள் இருந்த இடத்தில் 15 தொடுமுனைகள் கொண்ட தட்டையான வாய் வந்தது. 2006இல் இண்டெல் தன் சிப்செட்டிலிருந்து ஐடிஇ-யை எடுத்துவிட்டது. போர்டு செய்யும் நிறுவனங்கள் சில வருடம் தனி சிப் வைத்து அந்த 40 ஊசி வாயைக் காப்பாற்றின. பிறகு அவையும் விட்டுவிட்டன. இன்றைய போர்டில் சேமிப்பே விரல் நீள அட்டையாகப் போர்டின்மீது படுத்திருக்கிறது.

அந்தப் பழைய டிஸ்க்குகள் சிலவற்றின் மேல்தாளில் 'புராடக்ட் ஆஃப் மலேசியா' என்று அச்சிட்டிருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை நடத்தியது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பால் வாளியை வைத்துவிட்டுக் கிலாங் பஸ் ஏறி எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் போன காலம் அது. அந்தத் தொழிற்சாலையை 2019 முடிவுக்குள் மூடப்போவதாக நிறுவனம் 2018இல் அறிவித்தது. தோட்டத்தின் படத்தை வைத்திருக்கும் டிஸ்கையே தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி முடுக்கியிருக்கலாம் என்ற நினைப்பு, அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

இன்றைக்கு வழி இருக்கிறது, விலையும் பெரிதில்லை. ஐடிஇ-யை யுஎஸ்பி ஆக்கும் அடாப்டர் நூறு ரிங்கிட்டுக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: சுவரில் சொருகும் பவர் சப்ளை அதோடு வருகிறதா என்று. மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்கைச் சுழற்ற 12 வோல்ட் தேவை. யுஎஸ்பி வாயில் வழக்கமாகக் கிடைப்பது 5 வோல்ட். மடிக்கணினியின் இரண்டரை அங்குல டிஸ்குக்கு 5 வோல்ட்டே போதும், ஆனால் அதன் வாய் 44 ஊசி, சிறியது. நல்ல அடாப்டரில் இரண்டு வாயும் இருக்கும். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் வந்தபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். பேராக்கின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அந்த நாள்களில் பயன்படுத்திய மடிக்கணினிகளில் இருப்பதும் பெரும்பாலும் இந்தச் சின்ன டிஸ்க்தான்.

ஜம்பரை மாஸ்டரில் வைக்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் டிஸ்க்குகள் பலவற்றில், தனியாக இருக்கும் டிஸ்குக்கு ஜம்பரே இருக்கக் கூடாது. மேல்தாளில் படம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துச் செய்யலாம். டிஸ்கை மேசையில் சமமாக வைத்து, முதலில் பவர் கொடுத்து, அது சுழலும் சத்தம் நிதானமானபின் யுஎஸ்பி-யைச் சொருகலாம். டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். தட்டத் தட்ட உள்ளே கீறல் விழக்கூடும். அதற்குமேல் அது தரவு மீட்பவர்களின் வேலை.

பழைய கணினியையே உயிர்ப்பித்து அதிலிருந்து பிரதி எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அந்தக் காலத்து யுஎஸ்பி வினாடிக்கு ஒரு மெகாபைட் கடத்தினாலே பெரிது. 40 கிகாபைட் டிஸ்குக்குப் பதினோரு மணி நேரம் ஆகும். விண்டோஸ் 98 என்றால் பென்டிரைவ் ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் வேறு தேட வேண்டும். அதைவிட நல்ல துணை, 2006க்கும் 2010க்கும் இடையில் வந்த இடைக்காலக் கணினி. பலவற்றில் ஐடிஇ வாயும் சாட்டா வாயும் ஒரே போர்டில் உண்டு. ஆனால் அந்தக் கணினிகளும் இப்போது வேகமாகக் குப்பைக்குப் போகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப் அவற்றில் இல்லை. பள்ளியோ கோயில் கமிட்டியோ அப்படி ஒன்றைக் கழித்துக்கட்டினால், தாமானில் ஒருவராவது அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பத்து வீட்டு டிஸ்க்குகளுக்கு அது உதவும்.

தானே செய்யத் தயங்குகிறவர்கள் கடைக்கே போகலாம். ஈப்போக் கடைகளில் இப்போதும் இப்படிப் பேச்சு நடக்கிறது:

"உள்ள எங்க வீட்டுக்காரரு படம் இருக்கு தம்பி. வருமா?"

"டிஸ்க் சுத்துது ஆன்ட்டி. சுத்தினா மத்தத பாத்துக்கலாம்."

கொடுப்பதற்குமுன் டிஸ்கைத் திருப்பித் தரும்படியும் ஃபார்மேட் செய்யக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் செய்தாலும் இதே எச்சரிக்கைதான். சில சமயம் விண்டோஸ், டிஸ்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றே பதில் சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி-யில் கடவுச்சொல் போட்டிருந்தவர்களின் கோப்புறை திறக்க மறுக்கும். அது பூட்டுப் போன்றது அல்ல, உரிமையாளர் யார் என்ற குறிப்புதான். நிர்வாகி கணக்கில் நுழைந்து உரிமையை மாற்றிக்கொண்டால் திறந்துவிடும். எக்ஸ்பி-யிலேயே மறையாக்கம் செய்திருந்தால் மட்டும் பழைய சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. நல்லவேளையாக வீட்டுக் கணினியில் அதைச் செய்தவர்கள் குறைவு.

படங்கள் திறந்துகொள்ளும். 2002இன் ஜேபெக் கோப்பு இன்றைய கைப்பேசியிலும் அப்படியே தெரியும். கல்யாண விசிடி-யிலிருந்து இறக்கிய வீடியோவையும் விஎல்சி ஓட்டிவிடும். சிக்கல் தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது.

கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டறிக்கை, கருமாதிப் பத்திரிகை, தோட்டத்தைப் பற்றி யாரோ ஒரு தாத்தா சொல்லப் பேரன் தட்டச்சு செய்த பத்துப் பக்கம் என்று அந்த டிஸ்க்குகளில் தமிழும் நிறைய இருக்கிறது. திறந்தால் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரும். பார்ப்பவர், கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார். அது கெடவில்லை. யூனிகோடு பரவுவதற்குமுன் ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய எண்களில் வைத்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கி வளர்த்த முரசு அஞ்சல் மலேசியத் தமிழர்களைக் கணினியில் எழுத வைத்தது. தமிழ்நாட்டில் 1999இல் நடந்த தமிழ்க் கணினி மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகள் வந்தன. இணையத்தில் கூடியவர்கள் டிஸ்கி என்ற இன்னொன்றை வகுத்தார்கள். எந்தக் குறியீடு என்று தெரிந்துவிட்டால், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள் நொடியில் யூனிகோடுக்கு மாற்றித் தரும்.

எந்தக் குறியீடு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பதில் அதே டிஸ்கில், விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. எழுதியவர் பயன்படுத்திய எழுத்துரு அங்கேதான் இருக்கும். அதைப் புதிய கணினியில் நிறுவினால் பத்துப் பக்கமும் தமிழாகத் திரும்பும். ஆகவே படம் இருக்கும் டி டிரைவை மட்டும் பிரதி எடுத்துவிட்டு சி டிரைவை விட்டுவிடக் கூடாது. முழு டிஸ்கையும் எடுக்க வேண்டும். அன்று பெரிதாகத் தோன்றிய 40 கிகாபைட் இன்றைய சாதாரண பென்டிரைவில் அடங்கிவிடும். பேஜ்மேக்கரில் வடிவமைத்த மலர்களுக்கு இன்னொரு படி உண்டு: 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6தான் அந்தக் கோப்புகளைத் திறந்த கடைசிப் பதிப்பு. பழைய அச்சகக்காரர் யாரிடமாவது அது இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்.

பிரதி எடுத்தபின் ஒரு வேலை மிச்சம். கேமரா வைத்த பெயரில், டிஎஸ்சி00012 என்பதுபோல், ஆயிரம் கோப்புகள் வரிசையாக நிற்கும். அவற்றில் நிற்பவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. மண்டோர் யார், பக்கத்து லயத்துப் பாட்டியின் பெயர் என்ன, பின்னால் தெரியும் கிணறு எந்த டிவிஷன் என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். டிவியில் கணினியை இணைத்துப் பெரிதாகக் காட்டுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லக் கோப்பின் பெயரையே தமிழில் மாற்றுங்கள்: வருடம், தோட்டம், ஆட்களின் பெயர். ஒரு பிரதியைப் பெரியவர்களின் பிள்ளைகள் வீட்டிலும், இன்னொன்றைத் தோட்டம் போனபின்னும் தோட்டத்தின் பெயரோடே நடக்கும் பள்ளி ஏதாவது இருந்தால் அதன் நூலகத்திலும் கொடுத்து வையுங்கள். பிரதி எடுக்கும்வரை அந்தப் பழைய டிஸ்கைக் காற்றுப் புகாத உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு, சமையலறையிலிருந்து தள்ளிக் காய்ந்த இடத்தில் வையுங்கள்.