போர்க்காலத்தில் ஒலித்த குடியானவர் கீதம்

அமெரிக்க தேசத்தின் தென்பகுதிக் குடியானவர்களுடைய இன்ப துன்பங்களைப் பிடிலோடும் கிட்டாரோடும் பாடிவந்த 'கன்ட்ரி' சங்கீதம், 1941 டிசம்பரில் அத்தேசம் இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பிரவேசித்தபின், பட்டாள முகாம்களின் வாயிலாக நாடெங்கும் பரவலாயிற்று. 1925-இல் நாஷ்வில் வானொலியில் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியின் கலைஞர்களான மின்னி பெர்ல், பீ வீ கிங் முதலியோர் முகாம் முகாமாகச் சென்று வீரர்களை மகிழ்வித்தனர். புகழ்பெற்ற பாடகர் ஜீன் ஆட்ரியோ, 1942 ஜூலையில், தம் வானொலி நிகழ்ச்சியிலேயே பிரமாணம் எடுத்து ராணுவ விமானப் பிரிவில் சேர்ந்தார்.

இசைத்தட்டுக்கு இன்றியமையாததும், பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றதுமான அரக்கு யுத்தத்தினால் அரிதாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் வாத்தியக் கலைஞர் சங்கமும் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டபோதிலும், ஊனமுற்ற மலைநாட்டு இளைஞனொருவன் தன்னையும் போர்ப்பணிக்கு ஏற்குமாறு வேண்டுவதாக எல்டன் பிரிட் பாடிய பாடல் லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. 1944 ஜனவரியில் 'பில்போர்டு' பத்திரிகை இவ்வகைப் பாடல்களுக்கெனத் தனிப்பட்டியலே வெளியிடத் தொடங்கியது. எளிய ஜனங்களின் சங்கீதம் தேசத்தின் பொதுச் சொத்தானது, அந்தச் சோதனைக் காலத்திலேதான்.